பெருந்தெருவும் தோட்டத்துப் பாதையும்: சப்ரகமுவையின் ஒரு வீதி வரலாறு

கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை வழியாக மட்டக்களப்பைச் சென்றடையும் பெருந்தெரு, அரசாங்கப் பதிவேடுகளில் ஏ-4 எனக் குறிக்கப்படுவது. ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வீதி மேல், சப்ரகமுவ, ஊவா, கிழக்கு ஆகிய நான்கு மாகாணங்களை ஊடறுத்துச் செல்கின்றது. அவிசாவளையிலிருந்து பெலிகுல்ஓயா வரையுள்ள, நூறு கிலோமீற்றர் அளவினதான பகுதியே இக்கட்டுரையின் பொருள். இன்றியமையாத ஓரிரு இடங்களில் மட்டும் அதே மாகாணத்தின் மற்றைய பெருந்தெருவாகிய கேகாலை வழிக் கண்டி வீதியையும் துணைக்கு அழைப்போம்.

இலங்கையின் வீதிகளைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் தேசாதிபதிகளின் புகழ் கூறுவனவாகவோ பொறியியலாளரின் திறம் வியப்பனவாகவோ அமைந்துள்ளன. எவருடைய உழைப்பினால் வீதி உண்டாயிற்று, எவருடைய தேவைக்காக அது வளைந்தும் நிமிர்ந்தும் சென்றது, அதன் ஓரத்தில் வாழ்ந்தும் அதற்கு உரிமை அற்றோராய் இருந்தவர் யாவர் என்னும் வினாக்கள் அவற்றில் எழுவதில்லை. சப்ரகமுவையைப் பொறுத்தமட்டில் இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குப் பெருந்தெருவை மட்டும் நோக்கினாற் போதாது. அதனின்று தோட்டத்துப் பாதை பிரிகின்ற சந்தியையும் நோக்குதல் வேண்டும். அச்சந்தி வெறும் நிலவியல் எல்லையாக நின்றுவிடவில்லை. ஒன்றரை நூற்றாண்டாகச் சட்டத்தின் எல்லையாகவும் இருந்துவந்துள்ளது என்பதையே நாம் இங்கு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

முதலில் வழியைக் காண்போம். கொழும்பிலிருந்து அவிசாவளை வரையுள்ள பகுதிக்கு 'ஹைலெவல்' வீதி என்று பெயர். களனி கங்கைக் கரையோரமாகக் கடுவெலை, அன்வெல்லை வழியே செல்லும் பழைய தாழ்நில வீதி வெள்ளத்தில் மூழ்குவது. அதற்கு மாற்றாக மேட்டு நிலத்திலே செல்லும் வீதி இப்பெயர் பெற்றது. இரு வீதிகளும் அவிசாவளைக்கு முன்னரே கூடி அவ்வூரை அடைகின்றன. அங்கிருந்து ஒரு கிளை எட்டியாந்தோட்டை, கித்துள்கலை வழியாக அட்டனுக்கு ஏற, எமது பெருந்தெரு தென்கிழக்கே திரும்பி எகலியகொடை, குருவிட்டை ஆகிய ஊர்களைக் கடந்து இரத்தினபுரியை அடைகின்றது. இவ்வளவும் இறப்பரும் வயலும் மாணிக்கக் குழிகளும் கலந்த தாழ்நிலம். இரத்தினபுரிக்கு அப்பால் பெல்மதுளையில் வீதி கிளைவிடுகின்றது. ஒரு கிளை காவத்தை, மாதம்பை, கொடகவெலை வழியே எம்பிலிபிட்டிக்கு இறங்குகின்றது. மாதம்பையிலிருந்து இறக்குவானைக்கும் தெனியாயவுக்கும் வேறொரு வீதி பிரிகின்றது. பெருந்தெருவோ ஒப்பநாயக்க வழியாகப் பலாங்கொடைக்கு ஏறித் தேயிலை மலைகளின் அடிவாரத்தைத் தழுவிப் பெலிகுல்ஓயாவைக் கடந்து ஊவாவுக்குட் புகுகின்றது. அப்புத்தளை மலைமதில் இடப்புறத்தே உயர்ந்து நிற்க, வலப்புறத்தே வளவை கங்கைப் பள்ளத்தாக்கு விரிந்து தாழ்கின்ற இவ்விடத்தில், நாட்டின் ஈரவலயம் முடிந்து உலர்வலயம் தொடங்குவதைப் பிரயாணி கண்ணாற் காணலாம்.

இவ்வழியில் மனித நடமாட்டம் புதியதன்று. குருவிட்டைக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பக் குகையிற் கிடைத்த எலும்புகளும் கற்கருவிகளும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. 'பலாங்கொடை மனிதன்' என்னும் பெயரே இப்பிரதேசத்தாற் பெறப்பட்டது. வரலாற்றுக் காலத்திலே சிவனொளிபாதமலை யாத்திரையே இங்கு வழிகளை உண்டாக்கிய முதன்மைக் காரணி எனலாம். நிசங்கமல்லன் (1187–1196) மலைக்குச் சென்றமையைத் தன் கல்வெட்டுகளிற் பொறித்துள்ளான். 1344இல் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, அக்காலத்தில் வடபகுதியை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்து, அம்மன்னன் உதவிய பல்லக்கோடும் துணைவரோடும் மலைக்குச் சென்றதைத் தன் நூலிற் கூறுகின்றான். மலையேறும் இரு தடங்களையும் பாறையிற் பிணைக்கப்பட்ட சங்கிலிகளையும் விவரிக்கின்றான். தமிழ் மன்னன் ஒருவன் அளித்த துணையோடு முஸ்லிம் யாத்திரிகர் பௌத்த நாட்டினூடே மலையேறிய இச்செய்தி, பாதைகள் பின்னாளில் இனத்தின் பெயரால் அடைபட்டதை எண்ணும்போது நினைவுக்கு வருதல் இயல்பே.

அவிசாவளையே பதினாறாம் நூற்றாண்டிற் சீதாவாக்கை அரசின் தலைநகராய் இருந்தது. முதலாம் இராசசிங்கன் சைவத்தைத் தழுவியவன் எனப்படுபவன். அவனோடு தொடர்புறுத்தப்படும் பைரவர் கோயிலின் கற்சிதைவுகள், 'பெரண்டி கோவில்' என்னும் திரிந்த பெயருடன் சீதாவாக்கை ஆற்றங்கரையில் இன்றும் உள்ளன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இப்பிரதேசத்துக்குட் படைகளை நடத்தினர். ஆயினும் அவர்கள் காலத்திற் சரக்கு சென்ற வழி பெரிதும் நீர்வழியே. இரத்தினபுரியிலிருந்து களு கங்கையிற் படகேறிக் களுத்துறைக்கு இறங்குவதும், பாக்கும் பிற மலைப்பொருள்களும் அவ்வழியே கடற்கரை செல்வதும், உப்பும் துணியும் எதிர்வழியில் ஏறுவதும் நெடுங்காலம் நிகழ்ந்துவந்தன. நிலத்திற் சென்றவை காலடிப் பாதைகளே. கண்டியரசு நல்ல வீதியை விரும்பவில்லை. காடும் கணவாயுமே அதன் அரண்.

1815இல் ஆங்கிலேயர் கண்டியரசைக் கைப்பற்றியபின் நிலை தலைகீழாயிற்று. 1817–18 எழுச்சி, படையை விரைவில் நகர்த்தும் வழியின்றி மலைநாட்டை ஆளமுடியாது என்பதை அவர்களுக்கு உணர்த்தியது. எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், 1820இல் தொடங்கிய கொழும்பு–கண்டி வீதி சப்ரகமுவையின் வடபகுதியாகிய கேகாலையினூடாகச் சென்றது. அதனை வகுத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தமையும், கடுகண்ணாவையில் அவருக்கு ஒரு கோபுரம் எழுப்பப்பட்டமையும் பாடநூல்கள் வாயிலாக யாவரும் அறிந்தவை. அவ்வீதிவேலையிற் பதினாறு வயது இளைஞராகச் சேர்ந்த தோமஸ் ஸ்கின்னர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இருநூறு அளவினரான கண்டியக் கிராமத்தவரைக் கொண்டு வீதி வெட்டியதைத் தம் நினைவுக் குறிப்புகளிற் கூறியுள்ளார். இந்த இருநூறு பேருக்குக் கோபுரம் இல்லை. அவர்கள் கூலிக்கு வந்தவர்களும் அல்லர். இராசகாரியம் என்னும் பழைய நிலமானியக் கடமையின் பெயரால் இழுத்துவரப்பட்டவர்கள். மன்னனுக்கு நிலத்தின் பொருட்டுச் செய்த ஊழியத்தை, நிலம் கொடாத புதிய அரசு வரம்பின்றிப் பெற்றுக்கொண்டது.

பார்ன்ஸ் வீதி போட்ட தேசாதிபதி மட்டுமல்லர்; கண்ணொறுவையிற் கோப்பி பயிரிட்ட தோட்ட உடைமையாளருங்கூட. படைவீதி வணிகவீதியாக மாறிய வேகத்தை இவ்வொரு செய்தியே விளக்கும்.

கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையையடுத்து 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதன்பின் வீதிவேலைக்குப் 'பயனியர்' படை பெரிதும் பயன்பட்டது. அதிற் பெரும்பாலார் தென்னிந்தியாவிலிருந்து சேர்க்கப்பட்ட தமிழர். எனவே, இலங்கை மலைநாட்டின் வீதிகளைப் பொறுத்தவரை, தமிழ்த் தொழிலாளர் வீதியின் வழியே வந்தவர்கள் என்பதோடு வீதியை ஆக்கியவர்களும் ஆவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. தேயிலைக்கு முன்னரே, பல இடங்களிற் கோப்பிக்கும் முன்னரே, மண்வெட்டியோடு மலையேறியவர்கள் அவர்கள்.

இங்கு ஓர் ஒப்பீடு பயனுடையது. இங்கிலாந்தின் நாட்டுப்புற வீதிகள் நெடுங்காலம் கட்டாய உழைப்பினாலேயே பேணப்பட்டன. 1555ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பங்குக் கிராமத்தவரும் ஆண்டுக்கு நான்கு நாள் வீதியில் வேலைசெய்ய வேண்டுமென விதித்தது. சில ஆண்டுகளில் அது ஆறு நாளாக உயர்த்தப்பட்டது. வேண்டாவெறுப்பாகச் செய்யப்பட்ட இவ்வேலையினால் வீதிகள் சேறாகவே கிடந்தன. பதினெட்டாம் நூற்றாண்டிலே பெருந்தெருக்கள் சுங்கவாயில் அமைத்த அறங்காவற் குழுக்களிடம் சென்றன. இறுதியில் 1835ஆம் ஆண்டு வீதிச் சட்டம் கட்டாய உழைப்பை முற்றாக நீக்கியது. இங்கிலாந்தில் நீக்கப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1848இல், தேசாதிபதி டொரிங்டனின் அரசாங்கம் அதே ஆறு நாளை இலங்கைக்குக் கொண்டுவந்தது. 18 முதல் 55 வயதுவரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைத்தல் வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்துதல் வேண்டும் என்பது அவ்வாண்டின் வீதிக் கட்டளைச் சட்டம். இராசகாரியம் பின்வாசலால் மீண்டது என மக்கள் கருதியதில் வியப்பில்லை. பௌத்த பிக்குகளையும் முதலில் இதற்குள் அடக்க முயன்றமை எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருணாகலிலும் வெடித்த எழுச்சியின் உடனடிக் காரணங்களுள் இவ்வரியும் ஒன்று. எழுச்சி நசுக்கப்பட்டது, வரி நீடித்தது. 1861ஆம் ஆண்டின் போக்குவரத்து வழிகள் கட்டளைச் சட்டம் அதனை மேலும் ஒழுங்குபடுத்தியது.

இவ்வரிச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் அதனின்றும் விலக்கப்பட்டனர். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது சலுகை போலத் தோன்றும். தோட்டத்துரையின் நோக்கில் இதன் பொருள் வேறு: தொழிலாளியின் ஆண்டில் முந்நூற்றறுபத்தைந்து நாளும் தோட்டத்துக்கே உரியவை, ஆறு நாளையேனும் அரசுக்கு விட்டுக்கொடுப்பது நட்டம். கிராமத்தவர் கண்ணில் இதன் பொருள் இன்னும் வேறு: வீதிச்சுமை எங்களுக்கு, அவ்வீதியாற் பயனடையும் தோட்டங்களின் ஆட்களுக்கு இல்லை. வரியைத் தவிர்த்தவர் துரை. பகையைச் சம்பாதித்தவன் தொழிலாளி. சிங்கள உழவனும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே வீதியிற் கல்லுடைக்கும் வாய்ப்பைச் சட்டம் இவ்வாறு தடுத்தது. ஒரு பிரதேசத்தின் பொது வேலையிற் பங்குகொள்ளாதவன் அப்பிரதேசத்தவன் அல்லன் என்னும் கருத்து இதனின்று வளர்ந்தது. பிற்காலத்தில் அக்கருத்துக் கொடுத்த விளைவுகளைக் கீழே காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பி பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளுக்கும் பரவியது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் உயரமான இடங்களிற் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தாழ்ந்த இடங்களில் இறப்பரும் வந்தன. 1889இல் இரத்தினபுரியும் கேகாலையும் மேல் மாகாணத்தினின்று பிரிக்கப்பட்டுச் சப்ரகமுவ மாகாணம் அமைக்கப்பட்டமை, பெருந்தோட்டத்தின் வளர்ச்சியோடு ஒட்டி நிகழ்ந்த நிருவாக மாற்றமாகும். மாட்டுக்கரத்தை செல்லத்தக்க வீதி ஏற்றுமதிக்கு உயிர்நாடியாயிற்று. கீழே இறங்கிய கரத்தை கோப்பியையும் பின்னர்த் தேயிலைப் பெட்டியையும் ஏற்றிச் சென்றது. மேலே ஏறிய கரத்தை அரிசி கொண்டுவந்தது. அவ்வரிசியின் விலையைத் துரை தொழிலாளியின் கணக்கிற் கழித்துக்கொண்டார்.

பெருந்தெருவை அரசு போட்டது. அதனின்று தோட்டத்துக்குப் போகும் வழியை யார் போடுவது? இவ்வினாவுக்குக் குடியேற்ற அரசு கண்ட விடை கவனத்துக்குரியது. 1896ஆம் ஆண்டின் கிளை வீதிகள் கட்டளைச் சட்டமும் 1902ஆம் ஆண்டின் தோட்ட வீதிகள் கட்டளைச் சட்டமும், வீதியாற் பயன்பெறும் காணி உடைமையாளர் தமக்குட் குழு அமைத்து, செலவைப் பகிர்ந்து வீதி போட வழிசெய்தன. சட்டத்தின் பார்வையில் ஒரு தோட்டத்து வீதிக்கு உரியவர், அத்தோட்டத்தின் ஏக்கர்களுக்கு உரியவரே. அவ்வீதியில் நாள்தோறும் நடக்கும் ஆயிரம் பேர் அதன் பயனாளர் என எவ்விடத்தும் எண்ணப்படவில்லை. எனவே வீதியின் போக்கும் ஆட்கள் வாழும் இடத்தை நோக்கி அமையவில்லை. பெருந்தெருவிலிருந்து தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் கல்லிட்ட பாதை செல்லும்; லயங்களுக்கு அதனின்று மண்பாதையோ, தேயிலைக்கூடாக இறங்கும் குறுக்கோ, கற்படியோ செல்லும். சப்ரகமுவையின் எந்தத் தோட்டத்திலும் இவ்வமைப்பை இன்றும் காணலாம். 'ரோட்டுக்கு இறங்குதல்' என்பது தோட்டத்து மக்களின் வழக்கு. கடைக்குப் போவதும், வைத்தியசாலைக்குப் போவதும், கச்சேரிக்குப் போவதும் எல்லாம் இறங்குதலே. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கம்பில் தொட்டில் கட்டித் தூக்கிவந்து பெருந்தெருவில் வாகனத்துக்குக் காத்திருந்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு.

களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையையும் ஒரு வார்த்தை சொல்லிச் செல்லல் வேண்டும். தேயிலைக்கும் இறப்பருக்குமாகவே அமைக்கப்பட்ட இக்குறுந்தண்டவாளம் 1902இல் அவிசாவளைக்கும், அடுத்த ஆண்டில் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஒப்பநாயக்கவுக்கும் எட்டியது. லொறிப் போக்குவரத்து வளர அதன் பயன் குன்றியது. எட்டியாந்தோட்டைக் கிளை 1942இலும், அவிசாவளைக்கு அப்பாற்பட்ட எஞ்சிய பகுதி 1970களிலும் மூடப்பட்டன. அதன்பின் இரத்தினபுரி மாவட்டத்துக்குப் பெருந்தெரு ஒன்றே வழி. தண்டவாளம் கிடந்த நிலம் பல இடங்களில் இன்று ஒற்றையடிப் பாதையாகவும் குடியிருப்பாகவும் உள்ளது.

தோட்டத்து வீதி தனியார் வீதி என்பதன் அரசியல் விளைவு தொழிற்சங்க இயக்கத்தின் தொடக்கத்திலே நன்கு வெளிப்பட்டது. தோட்டத்துட் புகும் அயலாரை அத்துமீறி நுழைந்த குற்றத்துக்கு உள்ளாக்கத் துரைக்கு அதிகாரம் இருந்தது. கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுட் சென்றதாகக் கூறப்படும் செய்தி யாவரும் அறிந்ததே. வேடமிட இயலாதோர் சந்தியில் நின்றனர். பெருந்தெரு அரசருடைய வீதி. அங்கு எவரும் நிற்கலாம், பேசலாம், துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம். சம்பள நாளில் மக்கள் இறங்கும் சந்தியே கூட்டத்திடலாயிற்று. 1936ஆம் ஆண்டின் அரசாங்க சபைத் தேர்தலில் லங்கா சமசமாசக் கட்சி பெற்ற இரு இடங்களும், பிலிப் குணவர்த்தன வென்ற அவிசாவளையும் என். எம். பெரேரா வென்ற றுவான்வெல்லையும், இப்பள்ளத்தாக்கின் அயலயல் தொகுதிகளே. 1934–35இல் கேகாலை மாவட்டத்தைச் சூறையாடிய மலேரியாவின்போது இவர்கள் செய்த நிவாரணப் பணி இவ்வெற்றிக்கு அடிகோலியது. மருந்தும் பருப்பும் கொண்டு அவர்கள் சென்ற வழிகளும் இவையே.

ஆயின் வீதியிற் பேசும் உரிமை லயத்தில் வாழும் உரிமையைத் தரவில்லை. இதற்கு 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் நிகழ்ந்தது தக்க சான்று. கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். மறுத்தபோது அத்துமீறிக் குடியிருந்தோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டனர். தாம் பிறந்த அறையிலேயே அயலாராக்கப்பட்ட இவர்களுக்காக மாவட்டத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. நிலமற்ற சிங்களக் கிராமத்தவரின் தேவை மெய்யானது; அதனை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவராவர். அத்தேவையைத் தீர்க்கக் கம்பனிகளின் பரந்த காணிகள் இருக்க, கூலியாளின் பத்தடி அறையின்மேற் கைவைக்கப்பட்டதே இங்கு நோக்கற்பாலது.

முன்னர்க் கூறிய வரிவிலக்கின் விளைவுக்கு இங்கு வருகின்றோம். கிராமசபைகளே கிராம வீதிகளைப் பேணும் அமைப்புகள். தோட்டங்களில் வதியும் தொழிலாளர் கிராமத்தைச் சேர்ந்தவரல்லர் என்னும் அடிப்படையிற் கிராமசபை வாக்குரிமையினின்றும் விலக்கப்பட்டிருந்தனர். 1937ஆம் ஆண்டுத் திருத்தம், அக்காலத்தில் எழுந்த வன்மையான எதிர்ப்பையும் மீறி, அவ்விலக்கை நிலைநிறுத்தியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் கிராமசபையில் நிகழ்ந்ததை நாடு முழுவதற்கும் விரித்தன. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தத்தில் இலங்கைக்காகக் கையொப்பமிட்ட பிரதமர் இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். பலாங்கொடைத் தோட்டங்களைத் தம் இளமை முதலே கண்டவர். கடவுச்சீட்டுப் பெற்ற குடும்பங்கள் தகரப்பெட்டியும் அம்மிக்கல்லும் கொண்டு சந்தியில் இறங்கி, பஸ்ஸேறி, இறுதியிற் தலைமன்னாரிற் கப்பலேறின. பாட்டன்மார் ஏறிய வழியே பேரர்கள் இறங்கினர்.

போகாதிருந்தோர் மீது வன்முறை வந்தது. 1977 ஆகஸ்டில் தோட்டப்பகுதிகளிற் பரவிய வன்செயல்களை அடுத்து, 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன, உடைமைகள் கொள்ளைபோயின, மக்கள் இரவில் தேயிலைச் செடிகளுக்கிடையிலும் காட்டிலும் ஒளிந்திருந்தனர். 1983 ஜூலையில் அது மீண்டும் நிகழ்ந்தது. இந்நாட்களிற் பெருந்தெருவின் பொருள் மாறிற்று. தொழிற்சங்கத்தார் நின்று பேசிய சந்தியில் வாகனங்களிற் கும்பல்கள் இறங்கின. வீதியை அண்டிய லயம் பாதுகாப்பற்றது, வீதி எட்டாத மேற்கணக்கு லயம் ஓரளவு பாதுகாப்பானது என்னும் விபரீத நிலை உண்டாயிற்று. நூற்றாண்டாக வீதி வேண்டுமென்று கேட்ட மக்கள் வீதிக்கு அஞ்சினர். அவர்களுட் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளுக்குச் சென்று காடுவெட்டிக் குடியேறினர். அயற்கிராமத்துச் சிங்களக் குடும்பங்கள் தமிழரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த நிகழ்ச்சிகளும் இக்காலத்தவையே. இவற்றைத் திரட்டி எழுதுவது எம் போன்ற ஆய்வுச் சங்கங்கள் இன்னும் செய்யாதுவிட்ட பணி.

இதற்கிடையிலே 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. தனியார் வீதி அரச வீதியாயிற்று என எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. கம்பனியின் இடத்தில் அரச கூட்டுத்தாபனம் அமர்ந்தது. வீதி கூட்டுத்தாபனத்தின் வீதியாயிற்று, பொதுவீதி ஆகவில்லை. 1992இல் தோட்ட முகாமை பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியபோது அவ்வீதிகளும் உடன் கைமாறின. உடைமை மாறினும் சந்தியிலுள்ள எல்லைக்கோடு மாறாதிருந்தமை, அரசுடைமை ஒன்றே விடுதலை என நம்பியிருந்த நம்மனோர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

இவ்வெல்லைக்கோட்டின் மிகத் தெளிவான சட்ட வடிவம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமாகும். அதன் 33ஆம் பிரிவு கிராமங்களுக்கு வீதி, கிணறு முதலிய பொதுவசதிகளை அமைத்துக்கொடுக்கச் சபைகளுக்கு இடமளித்தது. தோட்டக் குடியிருப்புகள் அதற்குள் அடங்கவில்லை. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் நாடற்றோர் குடியுரிமை பெற்றனர். தோட்டத்து மக்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தனர். தம்முள் ஒருவரை உறுப்பினராகவும் அனுப்பினர். அவ்வுறுப்பினர் கிராமத்துக்கு வீதி போட வாக்களிக்கலாம்; தாம் பிறந்த லயத்துக்குப் படிக்கட்டு அமைக்கச் சபையின் பணத்தைச் செலவிட இயலாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்நிலை, 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டக் குடியிருப்புகளும் அதனுட் சேர்க்கப்பட்டபோதே நீங்கியது.

நீங்கியது சட்டத்தடை. நிலமும் வீதியும் நீண்டகாலக் குத்தகையிற் கம்பனிகளிடமே இருப்பதால், சபையொன்று தோட்டத்துள் வேலைசெய்யத் தோட்ட முகாமையின் இணக்கம் வேண்டப்படுகின்றது. இதன் அவசரத்தை மழை உணர்த்தி வருகின்றது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அழிவுற்றது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி, இதே பெருந்தெரு சப்ரகமுவையைக் கடந்து ஊவாவிற் செல்லுமிடத்தில், கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுட் புதையுண்டன. அவ்விடம் அபாயமானது என ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2016 மே மாதத்திற் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் கிராமமும், புளத்கொகுபிட்டிப் பகுதியில் தோட்ட லயமும் ஒரே மழையிற் சரிந்தன. மலைச்சரிவிலுள்ள லயத்தினின்று மக்களை இரவிலே இறக்குவதற்கும் வாகனம் செல்லும் பாதை வேண்டும்.

அண்மையில் நாம் பெல்மதுளையிலிருந்து பலாங்கொடை வரை இவ்வீதியிற் பயணம் செய்தோம். வீதி அகலமானது, கறுப்புத் தார் மழையில் மினுங்குகின்றது, கிலோமீற்றர்க் கற்கள் ஒழுங்காக நடப்பட்டுள்ளன. தோட்டத்துச் சந்திகளிற் பெயர்ப்பலகைகள் உள்ளன. தோட்டத்தின் பெயர், கம்பனியின் பெயர், தொழிற்சாலைக்கு எவ்வளவு தூரம் என்னும் விவரங்கள் அவற்றிற் காணப்பட்டன. நாம் இறங்கி நின்ற மூன்று சந்திகளிலும் லயங்களுக்கு எவ்வளவு தூரம் என்று எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு சந்தியில் மட்டும், பலகைக்குச் சற்று மேலே, புதிதாகக் கொங்கிறீற் இட்ட பாதை நூறு யார் அளவு ஏறி, முதற் திருப்பத்தில் நின்றுவிட்டது. அதற்குமேற் பழைய கற்படிகள் தொடங்கின. பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கொங்கிறீற் முடியும் இடத்திற் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினர்.